மூச்சும் ஆயுளும்

(அறக்கட்டளையின் மகாவீரர் பிறந்தநாள் விழாவில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சீவக சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டிருந்தனர். முப்பத்தோராண்டு தமிழாசிரியனாக இருந்தவனுக்கு அது எளிய பணி. பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தால் போதும். ஆனால் இரண்டு இரவுகள் எண்ணிப் பார்த்துத் தலைவரிடம் இசைவு பெற்று, வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். விழா நாளில் இறப்பைப் பற்றிப் பேசலாமா என்று ஓர் அன்பர் வாயிலில் கேட்டார். வீடுபேறு அடைந்தோரை வணங்கும் மரபினர் நாம். நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்று மட்டும் அவருக்குச் சொன்னேன்.

என் மூத்த அக்காளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், இங்குள்ளோரில் பாதிப்பேருக்கு அவர் கையால் உணவு உண்ட நினைவு இருக்கும். மயிலாப்பூரில் சித்திரக்குளத்தருகே ஒரு பழைய வீட்டின் மாடியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் நீர்கூட அருந்தாதவர். பேரன் திருமண வரவேற்பில், இரவு எட்டு மணிக்கு மேடையேறியவர்கள் எல்லாரும் உண்டு முடிக்கும்வரை கைகட்டி அமர்ந்திருந்துவிட்டு, விடிந்தபின் கஞ்சி குடித்தவர். அட்டமி, சதுர்த்தசி நோன்புகளை எழுபத்தெட்டாம் அகவை வரை விட்டதில்லை.

அத்தகைய ஒரு சதுர்த்தசி நாளில்தான் என்னிடம் அதைச் சொன்னார். "தம்பி, எனக்கு நினைவு தப்பிப் போனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் கொண்டுபோய்க் கட்டிப் போடாதீர்கள். காதில் பஞ்ச நமஸ்காரம் மட்டும் சொல்லிக்கொண்டிரு. அது போதும்." நான் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன், அக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சொன்னதை நினைவில் வை" என்றார். அந்த மாடியில் எங்கள் இருவரைத் தவிர அவருடைய மகளும் இருந்தாள். அமெரிக்காவில் இருக்கும் மகன் அன்று இல்லை.

2022 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு விடியலில் அவருக்கு மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஒரு மணி நேரத்திற்குள் வாய்வழியே மூச்சுக்குழாயில் குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்நேரத்தில் மருத்துவர் வேறொன்றும் செய்திருக்க இயலாது. நாங்களும் வேறொன்றும் கேட்டிருக்கமாட்டோம். பிழைப்பாரா என்று தெரியாத முதல் நாளில் கருவி என்பது ஒரு பாலம்.

அந்தக் கருவி செய்வது இன்னதென்று பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் அன்றுவரை தெரியாது. நாம் இயல்பாக மூச்சு விடும்போது மார்பு விரிந்து காற்றை உள்ளிழுக்கிறது. கருவியோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் நோயாளி பேச முடியாது. நினைவுள்ளவர் அதைப் பொறுக்கமாட்டார். ஆகவே மயக்க மருந்து தருகிறார்கள். தம்மை அறியாமல் குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கக் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டுவதும் உண்டு. "கட்டிப் போடாதீர்கள்" என்று அக்காள் சொன்னது உவமையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவருடைய மணிக்கட்டில் வெள்ளைத் துணிக்கட்டைக் கண்டேன்.

பத்து நாள் கழிந்தது. வாய்க்குழாயை நெடுநாள் வைத்திருந்தால் தொண்டை புண்ணாகும். ஆகவே கழுத்தில் துளையிட்டு அதன்வழி குழாய் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். மூளையின் பெரும்பகுதி செயலிழந்துவிட்டது, நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்பதையும் அவரே சொன்னார். மறைக்கவில்லை. ஒப்பம் இடவேண்டியவர் யார் என்று கேட்டார். மருமகன் தொலைபேசியில், "மாமா, அம்மா கண் திறப்பாள், நான் வரும்வரை எதையும் நிறுத்தாதீர்கள்" என்று அழுதான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா சொன்னது உங்களுக்கும் தெரியுமே, மாமா" என்றாள்.

நான் ஒப்பமிட்டேன். துளையிடுவதற்குத்தான் ஒப்பமிட்டேன்.

ஏன் என்று இத்தனை நாள் என்னையே கேட்டிருக்கிறேன். அக்காள் சொன்னதை மறந்ததனால் அன்று. கருவியை நிறுத்தச் சொன்னால் கொன்றவன் ஆவேனோ என்ற அச்சம். எறும்பு மிதிபடாமல் நடக்கக் கற்பித்த வீட்டில் பிறந்தவனுக்கு அச்சொல் எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காள் வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நாளை எவனாவது ஒரு சொல் சொல்லிவிடுவானோ என்றும் நினைத்தேன்.

மருத்துவரிடம் தனியே, நிறுத்த முடியுமா என்று கேட்டேன். சட்டம் இடம் தருகிறது, வழிதான் தரவில்லை என்றார். அவர் சொன்னதன் பொருளைப் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதனை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணியாளன் ஒருவனால் கொடுமையாகத் தாக்கப்பட்டார். மூளைக்குக் குருதி செல்லாமல் நினைவிழந்தவர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு வென்டிலேட்டர் இல்லை; தாமே மூச்சு விட்டார். உணவுதான் ஊட்டவேண்டியிருந்தது. அவ்வுணவை நிறுத்தி அவரை விடுவிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மறுத்தது. தலைமுறை மாறியும் அவரைப் பேணிவந்த செவிலியர்களே அவருக்கு உற்றார். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்பது மறுப்புக்கு ஒரு காரணம். ஆயினும் அத்தீர்ப்பிலேயே, உயர் நீதிமன்றத்தின் இசைவோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்ற கதவை முதன்முதலாகத் திறந்தார்கள். அருணா 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் இறந்தார். அத்தனை ஆண்டுகளில் அவர் உடலில் படுக்கைப்புண் வரவிடாமல் காத்தனர் அந்தச் செவிலியர்கள் என்பதைப் படித்தபோது, அகிம்சை என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்று தோன்றியது.

பின்னர் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாண்போடு இறத்தலும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, 'மீளாத நிலையில் எனக்கு இன்னின்ன சிகிச்சை வேண்டாம்' என்று எழுதி வைக்கலாம் என்றது. வழக்கறிஞர்கள் லிவிங் வில் என்பார்கள். முன்விருப்ப ஆவணம் எனலாம். ஆனால் அதற்கு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒரு மருத்துவர் குழுவை அமைக்க வேண்டும். நடுவர் மருத்துவமனைக்கு நேரில் வர வேண்டும். ஐ.சி.யூ. வாயிலில் நிற்கும் குடும்பத்துக்கு இவற்றில் எது கைகூடும்? 'வழி தரவில்லை' என்று மருத்துவர் சொன்னது இதனைத்தான்.

அக்காள் கழுத்துத் துளையோடு மேலும் இருபத்தாறு நாட்கள் இருந்தார். ஒரு பின்னிரவில் மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. எங்களில் ஒருவரும் அருகில் இல்லை. அவர் மறைந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2023 ஜனவரி 24 அன்று, நீதியரசர் கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அவ்விதிகளை எளிமையாக்கியது. நாளிதழில் அச்செய்தியைப் படித்த காலை எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

இருபத்தாறு நாட்களில் என்னை மிகவும் வருத்தியது எது என்று கேட்டால், துளை அன்று. காலை ஒரு பத்து நிமிடம், மாலை ஒரு பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். ஒருநாள் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டி இரவு ஒன்பதரை மணிக்கு என்னை உள்ளே அழைத்தார்கள். அப்போது ஒரு செவிலியர் மூக்குக் குழாயில் பாலாகக் கரைத்த ஏதோ ஒரு சத்துமாவை ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவும் பகலும் கொடுப்பது அங்கே வழக்கம். நல்ல பெண். "பாட்டிக்கு நல்லா செரிக்குது, சார்" என்றாள் மகிழ்ச்சியோடு. அறுபது ஆண்டுகள் காத்த நோன்பு என் கண்முன் ஒரு குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் கேட்டுக்கொண்டதும், மாலை ஆறு மணியோடு நிறுத்திவிட்டுக் காலையில் கூடுதலாகக் கொடுத்தார்கள். உணவியல் நிபுணர் சிறிதும் தயங்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே செய்திருப்பார்கள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கருவிகளின் முன் நாம் அவ்வளவு அஞ்சிப்போகிறோம். பிள்ளைகள் இருப்பவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்: உணவின் நேரத்தையும், அதில் முட்டை கலந்த மாவு வேண்டாம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி, என்னை அச்சுறுத்திய அந்தக் கேள்விக்கு வருகிறேன். கருவியை விலக்குவது கொலையா?

நம்முள் சிலர், 'இதில் என்ன ஐயம்? நமக்குத்தான் சல்லேகனை இருக்கிறதே' என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், இருபத்துநால்வர் திருவுருவம் செதுக்கிய பாறையின் பக்கத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. நம் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் காட்டிவருகிறோம். 1955இல் குந்தலகிரியில் ஆசாரிய சாந்திசாகரர் முப்பத்தாறு நாள் நோற்றார். 2024 பிப்ரவரியில் ஆசாரிய வித்தியாசாகரர் டோங்கர்கரில் மூன்று நாள் நோன்பிருந்து சமாதி எய்தினார். இவர்கள் எல்லாரும் விழித்திருந்தவர்கள். உடலையும் உள்ளத்துக் கசாயங்களையும் ஒருங்கே மெலிவிப்பதுதான் அச்சொல்லின் பொருள். மயக்கத்தில் கிடக்கும் ஒருவரின் கருவியைப் பிறர் நிறுத்துவது, எவ்வளவு கருணையோடு செய்தாலும், சல்லேகனை ஆகாது. அப்பெரிய சொல்லை நம் சிறிய வசதிக்குக் கடன் வாங்கக் கூடாது.

2015 ஆகஸ்ட் 10 அன்று இராசத்தான் உயர் நீதிமன்றம், சந்தாரா நோன்பு தற்கொலைக்கு ஒப்பாகும் என்று தீர்ப்பளித்தபோது, நாடெங்கும் சமணர்கள் கடையடைத்து மௌன ஊர்வலம் போனார்கள். அம்மாதமே 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் நோற்று இறக்கும் உரிமைக்காக ஊர்வலம் போன நம் வீடுகளில் நடப்பது என்ன? அவையோரே, கடந்த ஐந்தாண்டில் நம் அறக்கட்டளைச் செய்திமடலில் நாம் படித்த இரங்கற் குறிப்புகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் தம் வீட்டில், தம்மவர் நடுவில், நமஸ்கார மந்திரம் காதில் விழக் கண்மூடினார்கள்? எத்தனை பேர் ஐ.சி.யூ.வில்?

சல்லேகனை நம்முடைய விடை அன்று என்றாலும், அதற்கு நம் நூல்கள் சொல்லும் குற்றங்கள் எனக்கு வழிகாட்டின. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதன் வழி வந்த நம் அருங்கலச்செப்பும், உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரமும் இந்நோன்புக்கு ஐந்து குற்றங்களைக் கூறும். அவற்றுள் முதலிரண்டும் அரியவை. இன்னும் வாழ வேண்டும் என்று ஏங்குவது ஒரு குற்றம். விரைந்து இறக்க வேண்டும் என்று ஏங்குவது அடுத்த குற்றம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். நான் மாணவர்க்கு இதனைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். மருத்துவமனை வராந்தாவில்தான் புரிந்தது. பணம் கரைகிறதே, எப்போது முடியும் என்று ஓர் உறவினர் முணுமுணுத்தார். நான் வரும்வரை வைத்திருங்கள் என்று மருமகன் கதறினான். முன்னவரை நாம் பழித்தோம், பின்னவனைப் பாராட்டினோம். பற்றும் ஒரு கசாயம்தானே? நெடுநாள் வந்து பார்க்காத குற்றவுணர்வும் அதில் கலந்திருந்தது என்று பின்னர் அவனே என்னிடம் சொன்னான். சொன்ன அந்தப் பண்பை நான் மதிக்கிறேன்.

ஆயுள்வினைக் கேள்வியும் உண்டு. ஓர் அன்பர் என்னிடம், 'ஆயுள் இருக்கும்வரை இருக்கும். கருவியை எடுத்தால் அதை அறுத்ததாகும்' என்றார். பாதி சரி. ஆயுள்வினையை யாராலும் கூட்ட இயலாது. ஆனால் நஞ்சு, படைக்கலம் போன்ற புறக்காரணங்களால் நம்போன்றோர் ஆயுள் இடையில் குறையக்கூடும் என்பது நம் ஆகமக் கொள்கை. ஆகவே, மீளக்கூடிய நோயாளியிடமிருந்து கருவியை எடுப்பது அறுப்பதேயாகும். அதில் எனக்கு ஐயமில்லை. மீள வழியில்லாதவரிடம் எடுக்கும்போது நாம் புதிதாக ஒரு காரணத்தை உண்டாக்கவில்லை. உடலை அதன் நோயிடம் திருப்பித் தருகிறோம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே கேள்விதான்: மீள்வாரா, மாட்டாரா? அக்கேள்விக்கு ஆகமம் விடை சொல்லாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ செர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண் 1975இல் நினைவிழந்து வென்டிலேட்டரில் வைக்கப்பட்டாள். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுள்ள பெற்றோர், கருவியை எடுத்துவிடக் கோரி நீதிமன்றம் சென்றார்கள். 1976 மார்ச்சில் அம்மாநில உச்ச நீதிமன்றம் இசைந்தது. கருவியை விலக்கினார்கள். அவள் இறக்கவில்லை. தானே மூச்சு விட்டு, 1985 வரை உயிரோடு கிடந்தாள். பெற்றோர் மூச்சுக்கருவியைத்தான் வேண்டாம் என்றார்களே தவிர, உணவுக் குழாயை எடுக்கச் சொல்லவில்லை. கருவியை எடுப்பவன் உயிரை எடுக்கிறான் என்று நடுங்கியவனுக்கு இந்தப் பெண்ணின் கதை ஒரு பெரிய ஆறுதல். மூச்சு வேறு, ஆயுள் வேறு. பத்துப் பிராணன்களுள் மூச்சும் ஒன்று, ஆயுளும் ஒன்று என்று தனித்தனியே எண்ணியிருக்கிறார்களே, வீணாகவா எண்ணினார்கள்?

கொலை என்பதற்கு நம் இலக்கணம் மிக நுட்பமானது. கசாயம் கலந்த கவனமின்மையோடு உயிர்ப்பைச் சிதைப்பதே இம்சை. அப்படியானால் முடிவெடுப்பவர் நெஞ்சத்தைச் சோதிக்க வேண்டும். சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என நான்கும் வீடுகளில் உண்டு, சொத்தும் உண்டு. நம் மாநிலத்தின் தென் மாவட்டங்கள் சிலவற்றில், முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகடிக்கும் தலைக்கூத்தல் என்ற கொடிய வழக்கம் இருந்ததாகச் செய்திகள் வந்தன. கருணை என்ற பெயரில் அது நடந்தது. கருணைக்கொலை என்னும் சொல்லை நான் இவ்வுரையில் விலக்கிவைப்பதற்கு அதுவும் காரணம். ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. நம் அறத்திலும் இல்லை.

ஆகவேதான் 2023ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு மருத்துவர் குழுக்களை வைத்திருப்பதை நான் வரவேற்கிறேன். முதற்குழுவில் சிகிச்சையளிக்கும் மருத்துவரும், ஐந்தாண்டு பட்டறிவுள்ள துறை வல்லுநர் இருவரும் இருப்பர். இரண்டாங்குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும், முதற்குழுவில் இல்லாத வல்லுநர் இருவரும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். குடும்பத்தாரின் இசைவு வேண்டும். நடுவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் வந்து பார்க்க வேண்டியதில்லை. ஆவணம் எழுதாதவர்க்கும் இதே வழி உண்டு. என் ஒருவன் தோளில் அன்று ஏற்றிய பாரத்தை இவ்வாறு ஆறு மருத்துவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். மூளைச்சாவு என்பது இதிலிருந்து வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவு, இறப்பேதான். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தம் மகன் இதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்தது அந்நிலையில்தான். அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

கருவியையே பழிக்கும் பேச்சும் எனக்கு உடன்பாடன்று. 2016 திசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கும், 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கும் வைத்த எக்மோ கருவியின் பெயர் இந்நகரின் தேநீர்க்கடை வரை பரவிற்று. இருவரும் மீளாததால் அக்கருவியே எமன் என்பதுபோல் பேசத் தொடங்கினோம். கொரோனாக் காலத்தில் அதே கருவிகளால் பிழைத்து வந்தவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வள்ளுவர் வகுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு நான்காமவரை வெளியே நிறுத்திவிடுகிறது. கருவியை விலக்குவது என்றால் கைவிடுவது என்று பொருளில்லை. வலி தணிக்கும் மருந்து தொடரும், மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு, வாயை நனைக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். இதற்கென்றே வலிதணிப்பு மருத்துவம் என ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அக்காளின் இருபத்தாறு நாட்களில் அவர் அருகில் நான் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது மணிக்கும் குறைவு.

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் நேமிநாதர் கோயில் கொண்டிருந்தார். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு அவர் பெயரையே சூட்டினார். பின்னர் அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோகப்பட்டது என்பது நம் மரபு. அக்காள் தன் மாடியிலிருந்து கிழக்கே கைகாட்டி, "நம் சாமி இங்கேதான் இருந்தார், இடம் மாறிப் போனார், அவ்வளவுதான்" என்பார். இறப்பையும் அதே குரலில்தான் பேசுவார். எனக்கு அந்தத் தெளிவு இல்லை.

சென்ற ஆண்டு என் முன்விருப்ப ஆவணத்தை எழுதினேன். செலவு மிகக் குறைவு. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் ஒப்பமிட வேண்டும். நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் மேலொப்பமிட வேண்டும். நம் சார்பில் முடிவு சொல்லத்தக்க உறவினர் ஒருவருக்கு மேற்பட்டோரின் பெயரைக் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். ஒரு படி குடும்ப மருத்துவரிடம் இருக்க வேண்டும். ஒரு படி உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அலுவலரிடம் சேர வேண்டும் என்பது விதி.

என் மகள் அடையாற்றில் என்னோடு இருக்கிறாள். அவள் பெயரை எழுதுவதற்கு முன் அவளிடம் காட்டினேன். படித்தாள், நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூச்சுக்கருவி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், உணவுக் குழாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அப்பா" என்றாள். நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அருணாவின் செவிலியர்களையும் குயின்லனின் பெற்றோரையும் படித்தபின், ஊட்டுவதை நிறுத்து என்று எழுத என் கை எழவில்லை. ஊட்டு என்று எழுதவும் எழவில்லை. அக்காள் வேண்டாம் என்றார். நான் அக்காள் அல்லன். அவ்வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. 'பொழுது சாய்ந்தபின் வேண்டாம்' என்று மட்டும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அவள் உடனே இசைந்தாள்.

ஆவணத்தின் மாதிரிப் படிகளை நம் சமூகத்து வழக்கறிஞர் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்து கொண்டுவந்து பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறார். அவரும் மாலை ஐந்து மணிவரை அங்கே இருப்பார். எடுத்துப்போகிறவர்கள் இன்றே ஒப்பமிட வேண்டாம். வீட்டில் படித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள்.